தரையை அறையாத வேகம்

2008 ஆகஸ்ட் 18. பெய்ஜிங்கின் 'பறவைக்கூடு' மைதானத்தில் 110 மீட்டர் தடை ஓட்டத்தின் முதல் சுற்று. லியு ஷியாங் களத்துக்கு வருகிறார். 2004இல் ஏதென்ஸில் 12.91 விநாடியில் தங்கம் வென்றவர். 2006இல் லொசானில் 12.88 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தவர். அன்று கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் அவரைப் பார்க்கவே வந்திருந்தார்கள். உடலைச் சூடேற்றும்போதே அவர் முகம் சுளித்தார். வேறொரு வீரர் துப்பாக்கிக்கு முன்பே கிளம்பிவிட, ஓட்டம் நிறுத்தப்பட்டது. மறுபடி எல்லோரும் வரிசைக்கு வந்தபோது லியு உள்ளே போய்விட்டிருந்தார். வலது குதிகால் தசைநாண் அவரை ஓட விடவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து லண்டனில் முதல் தடையிலேயே இடறி விழுந்தார். தசைநாண் அறுந்துபோயிருந்தது. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே எல்லைக்கோடு வரை போனார். வழியில் கடைசித் தடைக்கு ஒரு முத்தம் கொடுத்தார். 2015இல் ஓய்வை அறிவித்தார்.

உலகின் தலைசிறந்த மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் பக்கத்தில் இருந்த ஒருவருக்கே இந்த நிலை. வாரக் கடைசியில் வாலிபால் வலைக்கு மேலே எழும்பி அடிப்பவருக்கும், பாட்மிண்டன் களத்தின் பின்கோட்டிலிருந்து முன்னே பாய்பவருக்கும், கபடியில் கோட்டைத் தொட்டுவிட்டு ஒரே வீச்சில் திரும்புபவருக்கும் இதே நாண் வலிக்கத் தொடங்கினால் என்ன கிடைக்கும்? பெரும்பாலும் ஓர் அறிவுரை கிடைக்கும்: "விளையாட்டை விட்டுவிடுங்கள். காலையில் நடங்கள்."

நடை நல்லதுதான். ஆனால் ஒரு விநாடிக்குள் உடம்பின் முழு வலுவையும் ஒன்றுதிரட்டிப் பாய்ந்து, எதிரே நிற்பவரை முந்திப் பழகியவருக்கு நடை எதையும் ஈடு செய்வதில்லை. போட்டியும் பாய்ச்சலும் அவருடைய வாழ்வின் ஒரு பகுதி. அதைக் கேட்பது பேராசை ஆகாது. ஆறாத நாணோடு அப்படியொரு விளையாட்டைத் தேடிக்கொள்ள முடியுமா என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. முடியும். எங்கே தேடுவது என்பதை இயற்பியலும் உடலியலும் தெளிவாகவே சொல்கின்றன.

நாண் செய்யும் வேலை

தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிறக் கயிறு தசைநாண். பேச்சு வழக்கில் இதையும் 'நரம்பு' என்றே சொல்லிவிடுகிறோம். கொலாஜன் என்ற புரத இழைகள் இணையிணையாக அடுக்கப்பட்டு, கற்றை கற்றையாகக் கட்டப்பட்டிருக்கும். இழைகளுக்கு நடுவே ஆங்காங்கே சில செல்கள். ரத்த ஓட்டம் குறைவு. நம் உடலிலேயே தடித்த, வலுவான நாண் கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் நாண்.

தசையின் இழுப்பை எலும்புக்குக் கடத்துவது அதன் முதல் வேலை. ஓடுபவருக்கும் குதிப்பவருக்கும் இரண்டாவது வேலைதான் முக்கியம். உண்டிவில்லை நினைத்துப் பாருங்கள். கை மெதுவாகத்தான் இழுக்கிறது. விட்டதும் கல் பறக்கும் வேகம் எந்தக் கைக்கும் வராத வேகம். மெதுவாகச் சேர்த்த ஆற்றலை ரப்பர் ஒரே கணத்தில் திருப்பித் தருகிறது. கால் தரையில் பதியும்போது அக்கிலிஸ் நாண் இழுபட்டு ஆற்றலைச் சேமிக்கிறது. கால் தரையை விட்டு எழும்போது அதில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பித் தருகிறது.

இதை எண்களில் காட்டியவர்களில் முக்கியமானவர் பிரிட்டனின் மெக்நீல் அலெக்சாண்டர். அவரும் சகாக்களும் 1987இல் வெளியிட்ட கணக்கின்படி, 70 கிலோ எடையுள்ளவர் நடுத்தர வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் ஏறக்குறைய 100 ஜூல் ஆற்றல் கைமாறுகிறது. அதில் 35 ஜூலை அக்கிலிஸ் நாணும் 17 ஜூலைப் பாதத்தின் வளைவும் சேமித்துத் திருப்பித் தருகின்றன. பாதிக்கு மேல் தசை உழைக்காமல் கிடைக்கும் ஆற்றல்.

இலவசமாகக் கிடைக்கும் இந்த ஆற்றலுக்கான விலையை நாண் கொடுக்கிறது. பின்லாந்தின் பாவோ கோமி, முன்வந்த ஆட்களின் அக்கிலிஸ் நாணைச் சுற்றி ஒரு சிறு அளவுமானியை அறுவை மூலம் பொருத்தி, அவர்களை ஓடவும் குதிக்கவும் செய்தார். வேகமாக ஓடும்போது பதிவான உச்ச விசை ஏறக்குறைய 9,000 நியூட்டன். உடல் எடையைப் போல் பன்னிரண்டரை மடங்கு! உச்ச ஓட்டத்தில் கால் தரையில் இருப்பதோ விநாடியில் பத்தில் ஒரு பங்குதான். அதற்குள் அத்தனை விசையும் ஏறி இறங்கிவிடுகிறது. நோய்ப்பட்ட நாணை வதைப்பவை இந்த இரண்டுதான்: விசையின் உயரமும், அது ஏறும் வேகமும்.

நார்வே ஆய்வாளர்கள் 2005இல் பல விளையாட்டுகளைச் சேர்ந்த உயர்நிலை வீரர்களின் முழங்கால்களைச் சோதித்தார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள நாணில் வலி வாலிபால் வீரர்களில் ஏறக்குறைய 45 சதவீதத்தினருக்கும், கூடைப்பந்து வீரர்களில் 32 சதவீதத்தினருக்கும் இருந்தது. சைக்கிள் வீரர்களில் ஒருவருக்கும் இல்லை. தொடையைப் பிழிந்தெடுக்கும் விளையாட்டு சைக்கிள். ஆனாலும் அந்த நாண் தப்பித்துவிடுகிறது. நம் தேடலுக்கான முதல் தடயம் இது.

ஏன் ஆறுவதில்லை

எலும்பு முறிந்தால் சில மாதங்களில் கூடிவிடுகிறது. தசை கிழிந்தாலும் கூடிவிடும். நாண் மட்டும் வருடக்கணக்கில் இழுத்தடிப்பது ஏன்? டென்மார்க்கைச் சேர்ந்த காட்ஜா ஹைன்மையரின் குழு இதற்கு வியப்பான வழியில் விடை கண்டது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவை ஏற்றிவிட்டன. அது உணவு வழியாக அந்தக் காலத்தில் வாழ்ந்த எல்லோர் உடலிலும் புகுந்தது. ஒரு திசுவில் உள்ள கார்பன்-14ஐ அளந்தால் அது எந்தக் காலத்தில் கட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம். 2013இல் வெளியான முடிவு: தசை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. அக்கிலிஸ் நாணின் நடுப்பகுதியோ வளர்ச்சிப் பருவம் முடியும் சுமார் 17 வயதோடு தன் கட்டுமானத்தை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. நாற்பது வயதுக்காரரின் நாணின் உள்பகுதி அவர் பள்ளிக்கூடத்தில் படித்தபோது உருவானது.

ஆகவே நாள்பட்ட நாண் வலியைக் குணமாகாத 'புண்' என்று நினைப்பது பொருந்தாது. ஆஸ்திரேலியாவின் ஜில் குக், கிரெய்க் பர்டம் இருவரும் 2009இல் முன்வைத்த விளக்கம் இன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. அளவுக்கு மீறிய சுமைக்கு நாண் முதலில் தடித்து வீங்குகிறது. சுமை குறைந்தால் இந்த நிலையிலிருந்து மீண்டுவிடும். குறையாவிட்டால் இழைகளின் ஒழுங்கு குலைகிறது. கடைசியில் சில இடங்களில் இழைகள் சிதைந்து, செல்கள் மடிந்து, அந்தப் பகுதி சுமை தாங்கும் தகுதியை இழக்கிறது. அது பழையபடி ஆவது அரிது. ஆனால் அதைச் சுற்றியுள்ள நல்ல பகுதி தடித்து, முழு நாணின் சுமையையும் ஏற்றுக்கொள்ள முடியும். ஸ்கேனில் கோளாறு அப்படியே தெரிய, ஆள் வலியில்லாமல் விளையாடுவதும் உண்டு. ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து ஒருவருடைய விளையாட்டு வாழ்க்கைக்கு முற்றுப்புள்ளி வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

இந்த வலியோடு இருப்பவர்களுக்கு அதன் குணம் நன்றாகத் தெரியும். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடிகளில் குதிகால் மரக்கட்டை போல் விறைத்திருக்கும். குளியலறை வரை போய்த் திரும்புவதற்குள் தளர்ந்துவிடும். விளையாடத் தொடங்கும்போது வலித்து, பிறகு காணாமல் போகும். 'சரியாகிவிட்டது' என்று நம்பி முழு ஆட்டமும் ஆடினால் மறுநாள் காலையில் வட்டியோடு திரும்பி வரும். நாணின் பதில் எப்போதும் ஒரு நாள் தாமதமாகவே வருகிறது. களத்தில் வலிக்கவில்லை என்பதை அதன் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. மறுநாள் காலையில் கேட்க வேண்டும்.

பாரம் பகையல்ல

ஸ்வீடனின் உமியோ நகரைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன். அவரே ஓட்டக்காரர், அவருக்கே அக்கிலிஸ் வலி. அறுவை செய்துவிடும்படி மேலதிகாரியைக் கேட்டார். மறுப்பு வந்தது. நாண் அறுந்தால்தான் அறுவை என்றால் அறுத்தே காட்டுகிறேன் என்று, குதிகாலைப் படியின் விளிம்பிலிருந்து பாரத்தோடு இறக்கி இறக்கிப் பயிற்சி செய்யத் தொடங்கினார். நாண் அறுவதற்குப் பதிலாக வலி குறைந்தது. அவர் பல முறை சொல்லியிருக்கும் கதை இது.

1998இல் அதை முறையான ஆய்வாக வெளியிட்டார். பயிற்சி எளிது. படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரு கால்களாலும் குதிகாலை உயர்த்த வேண்டும். பிறகு வலிக்கும் காலில் மட்டும் முழு எடையையும் வைத்து, குதிகால் படிமட்டத்துக்குக் கீழே போகும்வரை நிதானமாக இறக்க வேண்டும். 15 முறை கொண்ட மூன்று சுற்றுகள், முட்டியை நேராக வைத்து ஒரு தடவை, சற்றே மடித்து ஒரு தடவை. காலையும் மாலையும், வாரத்தில் ஏழு நாளும், 12 வாரம். வலி குறையக் குறைய முதுகுப்பையில் எடையைக் கூட்ட வேண்டும். ஆய்வில் கலந்துகொண்ட 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். பின்னாளில் டென்மார்க் ஆய்வாளர்கள், அதிகப் பாரத்தை வாரம் மூன்று நாள் மெதுவாக ஏற்றி இறக்குவதும் அதே அளவு பயன் தருவதைக் காட்டினார்கள்.

ஆக, பாரமான சுமையே நாணுக்கு மருந்தாகிறது, அது மெதுவாக ஏறும்வரை. ஒருவர் நூறு கிலோவைத் தோளில் சுமந்து மூன்று விநாடியில் உட்கார்ந்து மூன்று விநாடியில் எழலாம், நாண் அமைதியாக இருக்கும். அவரே வெறும் உடம்போடு பத்து முறை துள்ளினால் மறுநாள் நொண்டலாம். கனமும் துள்ளலும் நாணுக்கு வேறு வேறு செய்திகள். 'அழுத்தம் தரும் எதையும் செய்யாதே' என்ற பொதுவான தடை இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. அந்தத் தடையால் நாண் இன்னும் மெலிகிறது. தாங்கும் திறன் இன்னும் குறைகிறது. பிறகு மாடிப்படிகூடச் சுமையாகிவிடுகிறது.

சங்கிலி எடுத்துக்கொள்ளும் வேலை

வெடிப்பு வேகம் வேண்டும், நாணின் துள்ளல் வேண்டாம். இப்படியொரு விளையாட்டு உண்டா?

தசைக்கு ஓர் இயல்பு. உடலியலாளர் ஏ. வி. ஹில் 1938இல் காட்டியபடி, அது வேகமாகச் சுருங்கச் சுருங்க அதன் விசை குறைகிறது. விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது திறன். அது உச்சத்தைத் தொடுவது மிக மெதுவான அசைவிலும் இல்லை, மிக வேகமான அசைவிலும் இல்லை. உச்ச வேகத்தின் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய இடத்தில் இருக்கிறது. குதிக்கும்போது தசையை அந்த வசதியான வேகத்தில் வைத்திருந்து, மீதி வேகத்தைத் தான் கொடுப்பது நாண். இந்த இடைத்தரகு வேலையை வேறொரு பொருளிடம் ஒப்படைத்துவிட்டால் நாணுக்கு ஓய்வு கிடைக்கும். சைக்கிளின் பல்சக்கரமும் சங்கிலியும் செய்வது அதைத்தான். சரியான பல்சக்கரத்தைப் பூட்டினால், தொடையும் பிட்டமும் தங்களுக்கு உகந்த வேகத்திலேயே சுருங்கி, உச்சத் திறனைக் கொட்டலாம். எங்கும் தரையில் மோத வேண்டியதில்லை.

மிதமான வேகத்தில் சைக்கிள் மிதிக்கும்போது அக்கிலிஸ் நாணின் விசை என்ன என்பதையும் கோமியின் குழு அதே முறையில் அளந்தது. 700 நியூட்டனுக்கும் குறைவு. 70 கிலோ மனிதரின் சொந்த எடையளவுகூட இல்லை. முழு வேகத்தில் மிதித்தால் அது பல மடங்கு கூடும், ஐயமில்லை. ஆனால் கூடும் விதம் வேறு. நிமிடத்துக்கு 150 சுற்று என்ற வேகத்தில்கூட ஒரு சுற்றுக்கு 0.4 விநாடி ஆகிறது. அதில் கீழ்நோக்கி மிதிக்கும் பாதிக்கு 0.2 விநாடி. ஓட்டக்காரரின் கால் தரையில் இருக்கும் நேரத்தைப் போல் இரு மடங்கு. விசை அடியாக விழாமல் அலையாக ஏறி இறங்குகிறது. நாண் இழுபட்டுத் தெறிக்கும் கட்டமே ஏறக்குறைய இல்லை.

இதன் போட்டி வடிவம் வெலோட்ரோம் என்ற சைக்கிள் பந்தயத் தளத்தில் நடக்கும் ஸ்பிரின்ட். 250 மீட்டர் மரத்தளம், வளைவுகளில் 40 பாகைக்கு மேல் சாய்ந்து நிற்கும் சுவர். சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, கியர் மாற்றம் கிடையாது, மிதிப்பதை நிறுத்தவும் முடியாது. மூவர் அணி ஸ்பிரின்ட்டில் முதல் வீரரின் பின்சக்கரத்தை ஓர் இயந்திரம் பிடித்துக்கொண்டிருக்கும். கடைசி விநாடிகள் ஒலியோடு எண்ணப்படும். வீரர் இருக்கையிலிருந்து எழுந்து, இடுப்பைப் பின்னே தள்ளி, மூச்சை அடக்கிக் காத்திருப்பார். பிடி விலகும் கணத்தில் இடுப்பு முன்னே பாயும், முழு உடலும் ஒரு மிதியின் மேல் இறங்கும். அந்த முதல் அரைச்சுற்றில் சைக்கிள் நகரவே தயங்குவது போல் தெரியும். சில விநாடிகளில் உலகத்தர ஆண் வீரரின் திறன் 2,000 வாட்டைத் தாண்டிவிடும். 2.7 குதிரைத்திறன், ஒரு மனித உடம்பிலிருந்து! இதைவிட வெடிப்பான மனிதச் செயல்கள் மிகக் குறைவு.

காயம் காட்டிய வழியில் இந்தத் தளத்துக்கு வந்து சேர்ந்தவர்தான் இன்றைய தலைசிறந்த ஸ்பிரின்ட் வீரர். நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரைசன், பி.எம்.எக்ஸ் பந்தயத்தில் வளர்ந்தவர். மண்மேடுகளில் தாவி விழும் அந்த விளையாட்டு அவருடைய தோள் மூட்டைத் திரும்பத் திரும்பப் பழுதாக்கியது. அவர் வெடிப்பு வேகத்தை விடவில்லை. தாவலையும் விழுதலையும் விட்டார். டோக்கியோ ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம். 2024 பாரிஸில் அணி ஸ்பிரின்ட், தனி ஸ்பிரின்ட், கெய்ரின் மூன்றிலும் தங்கம். அங்கே 200 மீட்டரை 9.088 விநாடியில் கடந்து உலக சாதனையும் படைத்தார். அவருடைய காயம் தோளில், நம்முடைய பேச்சு நாணைப் பற்றி. ஆனாலும் அவர் எடுத்த முடிவின் வடிவம் நமக்கு அப்படியே பொருந்தும்: பழுதுபட்ட பாகம் எதைத் தாங்காது என்று துல்லியமாகக் கண்டுபிடித்து, அதை மட்டும் கழித்துவிட்டு, மீதியெல்லாம் இருக்கும் இடத்துக்குப் போவது.

விளையாட்டிடம் கேட்க வேண்டியவை

எல்லோர் ஊரிலும் வெலோட்ரோம் இல்லை. எல்லோர் நாணும் குதிகாலில் வலிப்பதும் இல்லை. அதனால் ஒரு விளையாட்டின் பெயரைவிட, அதை எடைபோடும் முறை பயன்படும். மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது: வலிக்கும் நாண் இந்த விளையாட்டில் இழுபட்டுத் தெறிக்கிறதா? கால் தரையில் அறைந்து உடனே எழும் எல்லா விளையாட்டிலும் அக்கிலிஸ் நாணும் முழங்கால் நாணும் அதைச் செய்கின்றன. நீரில் அப்படி இல்லை. 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சல் உலகத்தரத்தில் சுமார் 21 விநாடி நீடிக்கும் முழு வெடிப்பு. கால்கள் ஒரே ஒரு முறை, மேடையிலிருந்து பாயும்போது மட்டும் வலுவாக உந்துகின்றன. 200 மீட்டர் கயாக் பந்தயம் முப்பத்தைந்து விநாடியை ஒட்டி முடிந்துவிடும். முதுகும் தோளும் இடுப்பும் உழைக்க, கால்கள் படகுக்குள் ஊன்றுகோலாக மட்டும் இருக்கும். உள்ளரங்கத் துடுப்பு இயந்திரத்தில் 500 மீட்டர் போட்டி உண்டு. கைமல்யுத்தத்தில் முதல் அரை விநாடியிலேயே பாதி முடிவு தெரிந்துவிடும்.

இரண்டாவது: எந்தக் கோணத்தில்? இதைப் பலர் தவறவிடுகிறார்கள். நாண் இழுபடுவதால் மட்டுமின்றி, எலும்பின் மேல் அழுந்துவதாலும் நோகும். அக்கிலிஸ் வலி குதிகால் எலும்பை ஒட்டியே இருந்தால், பாதம் மேல்நோக்கி மடங்கும்போது நாண் எலும்போடு நசுங்கும். அப்படிப்பட்டவர் படிவிளிம்புப் பயிற்சியில் குதிகாலைக் கீழே இறக்காமல் சமதரையிலேயே செய்ய வேண்டும். சைக்கிள் ஓட்டினால் மிதியின் அடியில் குதிகால் தாழாதபடி இருக்கையையும் காலணிப் பூட்டையும் அமைக்க வேண்டும். வலி பிட்டத்தின் அடியில், உட்காரும் எலும்பில் தொடங்கும் பின்தொடை நாணில் இருந்தால், இதுவரை புகழ்ந்த சைக்கிளே எதிரியாகிவிடும். குனிந்த இருப்பும் கடினமான இருக்கையும் அந்த நாணைத்தான் நசுக்கும். அவருக்கு நீச்சல் பொருந்தும். முழங்கையில் வலிப்பவருக்குக் கயாக்கும் கைமல்யுத்தமும் கூடாது, சைக்கிள் பொருந்தும். ஒருவரைக் காப்பாற்றிய விளையாட்டு இன்னொருவருக்குத் தீங்காவது இதனால்தான்.

மூன்றாவது: எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில்? கடும் பயிற்சிக்குப் பிறகு நாணில் கொலாஜன் சிதைவும் கட்டுமானமும் சேர்ந்தே நடக்கின்றன. முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை சிதைவின் கை ஓங்கியிருக்கும். அதன் பிறகே கட்டுமானம் முந்தும். தினமும் துள்ளினால் நாண் எப்போதும் கடனிலேயே இருக்கும். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டால் அதே துள்ளல் வலுவாக மாறலாம். அமெரிக்காவின் வொனெட்டா ஃபிளவர்ஸ் இங்கே நினைவுக்கு வருகிறார். ஓட்டமும் நீளம் தாண்டுதலும் அவர் விளையாட்டுகள். கணுக்கால் அறுவைக்குப் பிறகு 2000 ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்கவில்லை. பனிச்சறுக்கு வண்டியான பாப்ஸ்லெட் போட்டிக்கு ஆள் தேர்வு நடப்பதை அவருடைய கணவர் ஒரு துண்டறிக்கையில் பார்த்துச் சொல்ல, போனார். அந்த விளையாட்டிலும் ஓட்டம் உண்டு. ஆனால் ஏறக்குறைய 50 மீட்டர் வண்டியைத் தள்ளியபடி ஓடி, தாவி உட்கார்ந்தால் முடிந்தது. 2002 சால்ட் லேக் சிட்டியில் ஜில் பேக்கனோடு சேர்ந்து தங்கம் வென்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். சிலருக்குத் துள்ளலை முழுதாக விட வேண்டிய தேவையே இல்லை. எண்ணிக்கையைக் குறைத்தால் போதும்.

பழைய நாணைக் கைவிடக் கூடாது

புது விளையாட்டில் வலி போய்விட்டதும் பலர் செய்யும் பிழை, குதிகால் பயிற்சியை நிறுத்திவிடுவது. சைக்கிளும் நீச்சலும் நாணை விட்டுவைப்பது உண்மை. அதனாலேயே அவை நாணை வலுப்படுத்துவதும் இல்லை. எலும்புக்கும் அப்படியே. சைக்கிள் மட்டுமே ஓட்டும் நெடுந்தூர வீரர்களின் எலும்பு அடர்த்தி குறைவது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. எனவே வாரத்தில் இரண்டு மூன்று நாள், கனமான, மெதுவான குதிகால் ஏற்றமும் உட்கார்ந்தெழும் பயிற்சியும் தொடர வேண்டும். புது விளையாட்டு பாய்ச்சலின் ஆசையைத் தீர்க்கும். இந்தப் பயிற்சி பஸ்ஸைப் பிடிக்க ஓடவும், பேரக்குழந்தையைத் துரத்தவும் நாணைத் தயாராக வைத்திருக்கும்.

எவ்வளவு வலியைப் பொறுக்கலாம்? ஸ்வீடனின் கரின் சில்பர்னாகல் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல அளவுகோல். வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் கொடுக்க வேண்டும். பயிற்சியின்போதும் முடிந்த பிறகும் ஐந்து வரை போகலாம். மறுநாள் காலைக்குள் தணிந்துவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் வலியும் காலை விறைப்பும் கூடக் கூடாது. இந்த விதிக்கு உட்பட்டு ஓடிக்கொண்டும் குதித்துக்கொண்டும் இருந்தவர்கள், ஆறு வாரம் அவற்றை நிறுத்தியவர்களைவிட மோசமாகவில்லை.

சில எச்சரிக்கைகளும் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகள் நாண் அறுவதற்கான வாய்ப்பைக் கூட்டும் என்று 2008 முதல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டம் கட்டி எச்சரித்து வருகிறது. நம் மருந்துக்கடைகளில் சாதாரணமாகப் புழங்கும் மருந்து அது. நாண் வலி இருப்பவர் அதை வாங்குமுன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். முழங்கை நாண் வலியில் மாதங்கள் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டுக்கொண்டவர்கள் போடாதவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். சர்க்கரை நோயும் பரம்பரையாக வரும் உயர் கொலஸ்ட்ராலும் நாணைப் பாதிக்கும். காரணமில்லாமல் இரு குதிகாலும் தடித்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. விளையாடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் 'டப்' என்று உணர்ந்து, அதன் பிறகு அந்தக் காலால் குதிகாலை உயர்த்த முடியவில்லை என்றால், நாண் அறுந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி அந்தப் பழைய அறிவுரைக்கு வருவோம். 'விளையாட்டை விடு' என்று சொல்பவரிடம் ஒவ்வொரு நோயாளியும் திருப்பிக் கேட்கலாம்: விளையாட்டில் எதை விட வேண்டும்? துள்ளலையா, மடக்கும் கோணத்தையா, எண்ணிக்கையையா? எந்த நாண், அதன் எந்தப் பகுதி? மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ இதற்குப் பதில் சொல்ல முடிந்தால், மிச்சமிருக்கும் விளையாட்டுகளின் பட்டியல் தானாக விரியும். நாள்பட்ட நாண் வலி மனிதரிடமிருந்து கட்டாயமாக எடுத்துக்கொள்வது ஒரே ஒரு வகைச் சுமையைத்தான். வேகத்தையும் வலுவையும் ஜெயிக்கும் ஆசையையும் அது கேட்பதில்லை. கேட்காததையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு முப்பது வயதில், நாற்பது வயதில் ஓரமாக உட்கார்ந்துவிடுபவர்கள் ஏராளம். அவர்களுக்குத் தேவை ஆறுதல் வார்த்தை அல்ல. சரியான விளையாட்டு.